நெற்றிப் பட்டையில் ஒட்டிய விபூதி

எழுபதுகளின் பிற்பகுதியில், இந்த விவரங்கள் தொடங்கும்போது, நான் மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் அண்டர் செக்ரட்டரியாக இருந்தேன். திருச்சியில் கல்லூரிப் படிப்பை முடித்து, பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, தேர்வு எழுதித் தில்லிக்கு வந்தவன். யாருடைய சிபாரிசும் எனக்கு இருந்ததில்லை. லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் எங்கள் பகுதித் தமிழ் மன்றத்துக்கு இரண்டு முறை போட்டியின்றித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். நான் பார்த்துக் கையொப்பமிட்ட வரைவு மேலிடத்திலிருந்து திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை என்று அமைச்சகத்தில் சொல்வார்கள். அது உண்மை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். என் வலது கண் பிறவியிலேயே சோம்பல் கண். எதிரில் ஆள் நிற்பது தெரியும். அவர் யாரென்று தெரியாது. பணியில் சேரும்போதே மருத்துவக் குழுவிடம் இதைச் சொல்லி, அவர்கள் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். ஆக, நான் படித்த பாடம், எழுதிய தேர்வு, பார்த்த உத்தியோகம் எல்லாம் இடது கண் ஒன்றின் உழைப்பு. அந்தக் கண்ணுக்குத்தான் ஆபத்து வந்தது. பின்னாளில் அதைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொன்னதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ராம்லீலாப் பந்தல்கள் முளைக்கும் பருவம் அது. ஒரு நாள் காலை இடது புருவத்துக்கு மேலே, சூடான இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுவந்ததுபோல ஓர் எரிச்சல். மறுநாள் அங்கே கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளங்கள். என் மனைவி வெளிச்சத்தில் நிற்க வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, இது வெறும் கொப்புளம் இல்லை. அக்கி."

மத்திய அரசு மருந்தகத்தின் வங்காளி டாக்டரும் அதையே வேறு பெயரால் சொன்னார். சிறு வயதில் அம்மை போட்டதா என்று கேட்டார். போட்டது என்றேன். அந்தச் சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லை, நரம்பின் வேரில் படுத்துக் கிடந்து, வயதான பிறகோ உடம்பு தளர்ந்தபோதோ அந்த நரம்பின் வழியாகவே மறுபடி வெளியே வரும் என்று விளக்கினார். கண்ணை விரித்துப் பார்த்து, "கண் சுத்தமாக இருக்கிறது" என்றார். பூசிக்கொள்ள ஒரு வெள்ளை மருந்தும், வலிக்கு மாத்திரையும், விடுப்புக்குச் சான்றிதழும் கொடுத்தார். என்னைப் பொறுத்தவரை விஷயம் அத்துடன் முடிந்தது.

என் மனைவியைப் பொறுத்தவரை முடியவில்லை. அக்கி என்றால் எழுத வேண்டும். மண்பாண்டம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் செங்காவியைக் குழைத்து, கொப்புளங்களின் மேல் ஓர் உருவம் எழுதுவார். காய்ந்து உதிரும் வரை முகத்தில் தண்ணீர் படக்கூடாது. நான் இதை நம்பியவன் அல்லன். ஆனால், மருந்தையும் காவியையும் ஒரே நெற்றியில் பூச முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று அவள் சொன்னபோது, வீட்டின் அமைதியைத் தேர்ந்தெடுத்தேன்.

தில்லியில் அக்கி எழுத ஆள் கிடைக்காது என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளுத்த சட்டையும் கையில் ஒரு சிறிய பித்தளைக் கிண்ணமுமாக ஒருவர் வந்து நின்றார். என் மனைவி விசாரித்து வரவழைத்தவர். மண்பாண்டக் குடும்பத்தில் பிறந்த தென்னாற்காட்டுக்காரர். வேறோர் அமைச்சகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க்.

"நமஸ்காரம் சார். என்னைத் தெரியுதுங்களா?"

"முகம் பார்த்த மாதிரி இருக்கு."

"முகம் பார்த்திருக்க மாட்டீங்க சார். என் கையெழுத்தைத்தான் பார்த்திருப்பீங்க. நான் போட்ட நோட்டு ரெண்டு வாட்டி உங்ககிட்டேர்ந்து திரும்பி வந்துச்சு."

"காரணம் இல்லாம திரும்பி வந்திருக்காது."

"அதையேதான் சார் எங்க ஆபீசர்கிட்ட நானும் சொன்னேன். கண்ணை மூடிக்குங்க."

கிழக்கு நோக்கி மணையில் உட்கார்ந்தேன். அவர் காவியில் தண்ணீர் விட்டுக் குழைத்து, கோழி இறகின் நுனியால் தொட்டு எழுதினார். எரிச்சலின் மேல் ஈரம் பட்டபோது சுகமாகத்தான் இருந்தது.

"என்ன உருவம்?" என்று என் மனைவி கேட்டாள்.

"சிங்கம் தாங்கம்மா."

"ஒரு பக்க நெத்தியிலே சிங்கத்துக்கு இடம் போதுமா?"

"சாருக்கு நெத்தி பெருசுங்க. வாலை மட்டும் காதுகிட்ட கொண்டு போயிடலாம்."

"கண்ணுக்குள்ள இறங்கிடப் போவுது," என்றேன்.

"கண்ணுக்கு ரெண்டு விரக்கடை தள்ளித்தான் சார் எழுதுவேன். அது எங்க அப்பா காலத்துப் பழக்கம். அட, மூக்கு நுனியிலே ஒண்ணு இருக்குது பாருங்க. அதை ஏன் விடணும்?" என்று சொல்லி மூக்கின் நுனியில் ஒரு புள்ளி வைத்தார். வெற்றிலை பாக்கைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் போன சிறிது நேரத்தில், அடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர் வந்தார். அவரும் அரசு அதிகாரிதான். மன்றத் தேர்தலில் எனக்கு எதிராக நிற்க நினைத்து, பிறகு நிற்காதவர். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, ராம்லீலாவுல வேஷம் கெட்டுதியளா? சொல்லியிருந்தா நானும் ஒரு வாலை ஒட்டிக்கிட்டு வந்திருப்பேம்லா."

"அக்கி. டாக்டர் பார்த்துவிட்டார்," என்றேன்.

"டாக்டரா எழுதினாரு?"

நான் செய்தித்தாளை எடுத்து விரித்தேன்.

கொப்புளங்கள் காய்ந்தன. காவி உதிர்ந்தது. விடுப்பு முடிவதற்கு முன்பே நெற்றியில் சின்னச் சின்னக் குழிகளைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் குழிகளும் வெளியே தெரியவில்லை. கல்லூரி நாள்களிலிருந்தே குளித்தவுடன் நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி இடுவது என் வழக்கம். தில்லி வந்தும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அமைச்சகத்தில் என்னை அடையாளம் சொல்பவர்கள் அதை வைத்துத்தான் சொல்வார்கள்.

தீபாவளி வந்தது. மாலையில் மாடிப் படியில் நின்று குடியிருப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு பால்கனியிலும் தொங்கிய சின்ன பல்புகள் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வானவில் வளையம். தெருவிளக்குக்கு அகலமான வளையம், அகல் விளக்குக்குக் குட்டி வளையம். இவ்வளவு அழகான தீபாவளியைத் தில்லியில் பார்த்ததில்லை என்று மனைவியிடம் சொன்னேன். பல்பைச் சுற்றி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பட்டாசுப் புகையாக இருக்கும் என்று பேசி முடித்துக்கொண்டோம்.

மறுநாள் காலையில் செய்தித்தாள் புகைக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், புகை போகவில்லை. கண் லேசாகச் சிவந்திருந்தது. வலி பெரிதாக இல்லை. அடுத்த வீட்டுக்காரர், "மெட்ராஸ் ஐ ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல ஏறி வந்திட்டா அண்ணாச்சி?" என்றார். அலுவலகத்தில் என் பிரிவில் இருந்த பஞ்சாபிகளும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். நான் ஒரு கோப்பைத் திறந்து, முதல் பத்தியைப் படிக்க முடியாமல், மூடி வைத்தேன். உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு படிக்காமல் மூடிய முதல் கோப்பு அது.

கடைத்தெருவில் இருந்த கண் டாக்டர் ஒருவரிடம் போனேன். இளைஞர்; மரியாதையாகப் பேசினார். பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்து, மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, ஒரு சிறிய இரும்புக் கருவியைக் கண்மணியின் மேல் நிறுத்திப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் இருக்க வேண்டியதைப் போல இரு மடங்கு என்றார். குடும்பத்தில் யாருக்காவது பார்வை போனதுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். "காலா மோத்தியா," என்றார். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்கு இந்தியில் அப்படிப் பெயர். கண்மணியைச் சுருக்கும் சொட்டு மருந்தும் மாத்திரையும் எழுதினார். இறங்காவிட்டால் அறுவை சிகிச்சை. இந்த நோயில் போன பார்வை திரும்புவதில்லை, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து வலது கண்ணால் மட்டும் என் மனைவியைப் பார்த்தேன். புடைவையின் நிறம் தெரிந்தது. அவ்வளவுதான். ஓய்வுக்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. பார்வை இல்லாத அதிகாரியை மருத்துவக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படி இருவரை அனுப்பிய கோப்புகளை நானே பார்த்திருக்கிறேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

சொட்டு மருந்தை விதித்தபடி விட்டேன். கண்மணி ஊசித்துளையாகச் சுருங்கியது, புருவத்துக்குள் ஆணி இறங்கியதுபோல வலித்தது, சிவப்பு கூடியது, வளையங்கள் பகலிலேயே தெரிந்தன. "இது சரியாப் போற மாதிரி இல்லீங்க," என்று மனைவி சொன்னாள். மருந்தகத்தில் சீட்டு வாங்கி, பெரிய அரசாங்கக் கண் மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே என்னைப் பார்த்தவர் நடுவயதுப் பஞ்சாபி அம்மையார். புடைவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி வேகமாகப் பேசினார். படுக்க வைக்கவில்லை, ஒரு யந்திரத்தின் முன் உட்கார வைத்தார். தாடையை வைக்க ஒரு கிண்ணம், நெற்றியை அழுத்தி வைக்க ஒரு பட்டை. "ஆகே. ஔர் ஆகே. நெற்றி ஒட்ட வேண்டும்," என்று பின்தலையைப் பிடித்துத் தள்ளினார். நீல ஒளி ஒன்று கண்ணை நோக்கி வந்தது. வெகு நேரம் பார்த்தார். பின்னால் சாயச் சொன்னார். பட்டையில் என் விபூதி வெள்ளையாக அப்பியிருந்தது.

"பண்டித்ஜி, மஷீனுக்கும் டீக்கா வைத்துவிட்டீர்களே."

"நான் பண்டிட் இல்லை, டாக்டர். அண்டர் செக்ரட்டரி."

"அச்சா," என்றார். ஈரப் பஞ்சை எடுத்துப் பட்டையைத் துடைத்தார். பிறகு, என்னைக் கேட்காமல், அதே கையோடு என் நெற்றியையும் துடைத்துவிட்டார்.

என் நெற்றியிலிருந்து விபூதியை அதுவரை எவரும் துடைத்ததில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, அதற்குள் அவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "பைட்டியே, பைட்டியே. இது என்ன?" என்றார். விரலால் நெற்றியில் தடவிக்கொண்டே போனார். குழிகள் இருந்த இடமெல்லாம் விரல் நின்றது. நெற்றியின் நட்ட நடுவில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல, அவை நின்றுபோயிருந்தன. வலப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

"எப்போது வந்தது?"

"தசராவுக்கு முன்னால். அது ஆறிவிட்டது. கண் அதற்குப் பிறகு வந்தது," என்றேன்.

"மூக்கில்? மூக்கின் நுனியில் ஏதாவது இருந்ததா?"

எனக்கு நினைவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த என் மனைவி தனக்குத் தெரிந்த இந்தியில், "தா, தா. நாக் பே ஏக் தா," என்றாள். பிறகு என்னிடம் தமிழில், "அவர் அங்கேயும் ஒரு புள்ளி வெச்சாரே, மறந்துட்டீங்களா?" என்றாள்.

டாக்டர் பஞ்சைத் திரியாகத் திரித்து, அதன் நுனியால் முதலில் வலது கண்மணியைத் தொட்டார். கண் சட்டென்று மூடிக்கொண்டது. இடது கண்மணியைத் தொட்டார். கண் சும்மா திறந்தபடி இருந்தது. தொட்டதே எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு நிம்மதியைக் கண்டேன். என்ன நோய் என்று தெரிந்துவிட்ட நிம்மதி.

நெற்றிக்குப் போகிற நரம்பும், மூக்கின் நுனிக்குப் போகிற நரம்பும், கண்ணுக்குள் போகிற நரம்பும் ஒரே கிளையிலிருந்து பிரிபவை என்றார். வைரஸ் நெற்றிக்கு வந்த வழியிலேயே கண்ணுக்குள்ளும் போயிருக்கிறது. தோல் ஆறினாலும் உள்ளே அழற்சி ஆறவில்லை. அழுத்தம் எப்படி ஏறியது என்று கேட்டேன். விவரம் புரியாமல் மருந்து சாப்பிடுவது எனக்குப் பிடிக்காது.

"மழையில் மின்ட்டோ பிரிட்ஜுக்கு அடியில் பஸ் முழுகுமே, பார்த்திருக்கிறீர்களா?"

"ஆண்டுதோறும்."

"மழையினாலா முழுகுகிறது? சாக்கடை ஜாலி, அந்தக் கம்பிச் சல்லடை, அடைத்துக்கொள்வதால். கண்ணுக்குள் எப்போதும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது வெளியே போக ஒரு சல்லடை உண்டு. வீக்கத்தில் சல்லடை அடைத்துக்கொண்டது. நீங்கள் விட்ட சொட்டு மருந்து சாதாரணக் காலா மோத்தியாவுக்குச் சரி. வீங்கிய கண்ணைச் சுருக்கிப் பிடித்தால் அது இன்னும் கோபப்படும். வீக்கத்தை வடிய வைப்போம். தண்ணீர் தானாக இறங்கும்."

பழைய சொட்டு மருந்தை நிறுத்தினார். கண்மணியை விரிக்க ஒன்று, வீக்கத்தை வடிக்க ஸ்டீராய்டு ஒன்று, அதுவரை தண்ணீர் ஊறுவதைக் குறைக்க மாத்திரை. அந்த வைரஸையே எதிர்க்கும் மருந்தில் வெளிநாட்டில் வேலை நடக்கிறதாம். இங்கே அதற்குக் காத்திருக்க நேரமில்லை என்றார். ஸ்டீராய்டைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசினார். சிலருக்கு அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும், அதனால் வாரந்தோறும் அளக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் அழற்சி திரும்பும், அதனால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நானாக ஒன்றும் செய்யக்கூடாது.

"உத்தரவை மீறி எனக்குப் பழக்கமில்லை," என்றேன்.

"டீக் ஹை, அப்படியானால் சரி. அடுத்த வாரம் டீக்கா இல்லாமல் வாருங்கள்."

"விபூதி இல்லாமல் நான் வெளியே வந்ததும் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். நான் இட்டுக்கொள்ளும் வரை டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். மறு வாரம் போனபோது, நெற்றிப் பட்டையின் மேல் ஒரு காஜ் துணித் துண்டு போர்த்தியிருந்தது. நான் போகும் ஒவ்வொரு முறையும் அது இருந்தது.

அந்தக் குளிர்காலத்தை நான் மகிழ்ச்சியோடுதான் நினைத்துக்கொள்கிறேன். விரிந்த கண்மணியோடு படிக்க முடியாது. வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நிற்கவும் முடியாது. மாத்திரையால் விரல் நுனிகள் சுறுசுறுவென்று இருந்தன. சோடா குடித்தால் துருப்பிடித்த இரும்பைப் போல ருசித்தது. ஆனால் பகல் முழுவதும் பின்பக்கப் புல்வெளியில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்தேன். மாலையில் என் மனைவி தமிழ் வார இதழ்களின் தொடர்கதைகளை வாசிப்பாள். நான் ஒருபோதும் படித்திராத கதைகள். நடுவில் புகுந்தவன் என்பதால் யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "ஆபீஸ்ல எல்லாம் இப்படித்தான் குறுக்கே கேப்பீங்களா?" என்பாள்.

வாரா வாரம் நீல ஒளியின் முன் உட்காரும்போது மட்டும் அந்த மகிழ்ச்சி இருக்காது. டாக்டர் அளந்து முடிக்கும் வரை அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அழுத்தம் முதலில் அசையவில்லை. பிறகு சிறிது இறங்கியது. பிறகு ஒரு நாள் அவர் யந்திரத்திலிருந்து முகத்தை எடுக்காமலே, "பஹுத் அச்சா," என்றார். வெளியே வந்து, மருத்துவமனை வாசலில் நின்ற பஸ்ஸின் எண்ணைப் படித்தேன். அது எங்கள் பஸ் இல்லை. இருந்தாலும் படித்தேன்.

பணிக்குத் திரும்பியபோது, படிக்காமல் மூடிய அந்தக் கோப்பையே முதலில் கேட்டு வாங்கினேன். அதில் இரண்டு திருத்தங்கள் தேவைப்பட்டன.

அழற்சி அடியோடு போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னும் ஓரிரு முறை, காய்ச்சல் வந்து உடம்பு தளர்ந்த சமயங்களில், விளக்குகளைச் சுற்றி வளையங்கள் தோன்றின. அப்போது புகை என்று நினைத்து உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்த நாளே டாக்டர் முன் போய் நின்றேன். சொட்டு மருந்திலேயே அடங்கியது. இடது கண்மணி இன்றும் முழு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் சற்று இழுத்தாற்போல் இருக்கும். அங்கே கருவிழியின் நிறமும் ஒரு துண்டு வெளிறியிருக்கிறது. மிக அருகில் வந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். என்னை அவ்வளவு அருகில் வந்து பார்ப்பவர் ஒருவர்தான்.

அடுத்த வீட்டுக்காரர் மட்டும், காவி கண்ணுக்குள் இறங்கியதால்தான் எனக்கு அப்படி ஆனது என்று மன்றத்தில் பரப்பி வைத்தார். அந்தக் கிளார்க் என்னிடம் வந்து, "சார், நான் கண்ணுகிட்ட போகலையே சார்," என்றார். அடுத்த மன்றக் கூட்டத்தில், தலைவர் உரைக்கு முன்பாக, கிளார்க் கண்ணருகே போகவில்லை என்பதையும் நோய் வந்த வழியையும் எழுந்து நின்று விளக்கினேன். மின்ட்டோ பிரிட்ஜ் உதாரணத்தையும் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரர் கைதட்டினார். அவருடைய மாமியாருக்கு விலாவில் அக்கி வந்தபோது, அதே பித்தளைக் கிண்ணம் அவர் வீட்டுக்குள் போனதை எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தேன்.

மன்றத்தின் வெள்ளிவிழா மலரில் அந்த அடுத்த வீட்டுக்காரர் எழுதியுள்ள கட்டுரையை அண்மையில்தான் படித்தேன். முன்னாள் தலைவர்களைப் பற்றிய பகுதியில், நான் பார்வை இழந்து, பணிக்காலம் முடியும் முன்பே விலகி, ஊர் திரும்பிவிட்டதாக எழுதியிருக்கிறார். அது தவறு. ஐம்பத்தெட்டு வயது நிறைந்து, டெபுடி செக்ரட்டரியாக, உரிய நாளில் ஓய்வு பெற்றேன். மயூர் விஹாரில் வசிக்கிறேன். அவருடைய கட்டுரையை இடது கண்ணால்தான் படித்தேன்.